கொட்டகைக்கு எத்தனை அடி?

இனாமலுவைச் சந்தியில் பெருந்தெருவை விட்டுத் திரும்பிச் சீகிரியாவை நோக்கிச் செல்லும் பாதையில் போனவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வீட்டு முற்றங்களில் நான்கு அல்லது ஆறு இரும்புத் தூண்களின்மேல் தகரக் கூரையொன்று நிற்கும். சுவர் இல்லை, கதவும் இல்லை. உல்லாசப் பிரயாணிகளை ஏற்றி இறக்கும் வானையோ முச்சக்கர வண்டியையோ நிறுத்துவதற்கென்று அமைத்த கொட்டகை அது. ஆனால் சில முற்றங்களில் கொட்டகை வெறுமையாக நிற்க, வான் அதன் பக்கத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கூரையின் கீழே துணி உலரும்; விறகு அடுக்கியிருக்கும்.

இது ஏன் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: வண்டி உள்ளே போகவில்லை, அல்லது போனபின் கதவைத் திறக்க முடியவில்லை. விற்றவர் பொய் சொன்னார் என்று கூறுவதற்கில்லை. வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார் என்பதற்கும் இல்லை. இருவரும் ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள். விற்றவர் கூரையை அளந்து சொன்னார். வாங்கியவர் கூரையின் கீழுள்ள இடமென்று அதை எடுத்துக்கொண்டார்.

கிம்பிஸ்ஸ என்னும் ஊரில் வசிக்கும் என் தங்கையின் மகனுக்கு இந்த விஷயம் வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்டது. அவன் உயர்ந்த கூரையுடைய நீண்ட வான் ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறான். அவன் மனைவி வீட்டின் இரண்டு அறைகளைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுகிறாள். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகள், அடுத்த ஆண்டில் பரவிய கொள்ளைநோய், 2022 இல் வந்த பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்தபோது, அந்த வான் மாதக்கணக்கில் முற்றத்துப் புளியமரத்தடியில் முடங்கிக் கிடந்தது. விற்றுவிடு என்றார்கள் பலர். அவன் விற்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்குரிய வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் கைவண்டியை விற்றவன் மறுவண்டிக்கு எங்கே போவான்? வண்டி தப்பியது. ஆனால் வெயிலும், பறவைகளின் எச்சமும், மரத்திலிருந்து விழுந்தவையும் சேர்ந்து அதன் நெற்றியின் நிறத்தைத் தின்றுவிட்டன. ஆகவே, கையில் சிறிது பணம் சேர்ந்ததும் அவனுக்கு முதலில் தோன்றியது ஒரு கொட்டகை.

தம்புள்ளையிலிருந்து அவன் கொண்டுவந்த துண்டுப்பிரசுரத்தில் அகலம் 12 அடி, நீளம் 20 அடி, உயரம் 9 அடி என்று அச்சிட்டிருந்தது. ஒரே நாளில் நாட்டித் தருவதாகவும் வாக்குறுதி இருந்தது. “மாமா, நீங்கள் கணக்கு வாத்தியார். இது போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றான். மாத்தளையில் நெடுங்காலம் கேத்திர கணிதம் கற்பித்தவனுக்கு இதைவிட இனிய அழைப்பு வேறென்ன வேண்டும்? அளவுநாடாவுடன் புறப்பட்டேன்.

முதலில் வண்டியை அறிய வேண்டும். அவனுடைய வான் 5.38 மீற்றர் நீளம், 1.88 மீற்றர் அகலம், 2.285 மீற்றர் உயரம் உடையது. அடிக்கணக்கில் இது முறையே 17 அடி 8 அங்குலம், 6 அடி 2 அங்குலம், ஏழரை அடி. ஜப்பானியச் சிறுகார் விதிக்கு அமைந்தவை 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் தாண்டமாட்டா. அத்தகைய கார் வைத்திருப்பவருக்கும், இன்னும் பழைய மொறிஸ் மைனரைக் காதலித்துக்கொண்டிருப்பவருக்கும் பிரசுரத்தில் கண்ட கொட்டகை தாராளமாகப் போதும். அவர்கள் இக்கட்டுரையை இந்த இடத்திலேயே மூடிவைத்தாலும் எனக்கு மனவருத்தம் இல்லை.

இனி, அந்தப் 12 அடி அகலத்தைப் பார்ப்போம். அது கூரைத் தகட்டின் ஓரத்திலிருந்து ஓரம்வரை உள்ள அளவு. தகடு இருபுறமும் தூணைத் தாண்டி அரையடி நீண்டிருந்தது; அங்கே ஓரடி போயிற்று. தூண்களின் பருமன் மூன்று மூன்று அங்குலம். அங்கே இன்னும் அரையடி. தூணுக்கும் தூணுக்கும் நடுவே எஞ்சுவது பத்தரை அடிதான். அதில் வான் ஆறு அடி இரண்டு அங்குலத்தை எடுத்துக்கொண்டால், மிச்சம் நான்கு அடி நான்கு அங்குலம். சாரதியின் கதவு நன்றாகத் திறக்க மூன்று அடி வேண்டும். மறுபக்கத்துக்கு ஓரடி நான்கு அங்குலம்! அந்தப் பக்கத்தில்தான் இழுத்துத் திறக்கும் கதவு இருக்கிறது. முதுகில் பொதியும் கையில் குழந்தையுமாக இறங்கும் வெள்ளைக்காரப் பெண்மணி அந்த இடுக்கில் எப்படி நடப்பாள்?

நீளத்தின் கதையும் இதேதான். கூரை இருபது அடி. வான் பதினேழே முக்கால் அடிக்குச் சற்றே குறைவு. கணக்கில் அடங்கிவிட்டது. ஆயினும் வானின் பின்கதவு பின்னோக்கி வளைந்து மேலெழும். பெட்டிகளை இறக்குபவன் அதன் பின்னால் நின்றாக வேண்டும். எஞ்சிய இரண்டேகால் அடியில் அவனுக்கு இடமில்லை. வண்டி நனையாது, பெட்டியும் ஆளும் நனைவார்கள்.

உயரந்தான் இவற்றுள் வஞ்சகமானது. பிரசுரத்திலுள்ள ஒன்பது அடி, கூரையின் முகட்டிலே எடுத்த அளவு. தூண்கள் ஏழு அடி. இரு தூண்களையும் இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் அதே ஏழடி உயரத்தில் ஓடுகிறது. ஏழரை அடி வான் அந்தச் சட்டத்தில் நெற்றியை மோதும். முகட்டில் இன்னும் இரண்டடி வெற்றிடம் இருந்தும் ஒரு பயனும் இல்லை. ஒருபக்கம் சரிந்த கூரையானால், தாழ்ந்த பக்கத்தில், கூரைச்சட்டத்தின் அடிவிளிம்பிலிருந்து அளக்க வேண்டும். பின்னொரு நாள் சீமெந்துத் தளம் போடும் உத்தேசம் உண்டானால், அதற்கும் நான்கு அங்குலத்தை இப்போதே கழித்துக்கொள்ள வேண்டும்.

என் மருமகன் முகம் வாடிவிட்டது. “கொட்டகை வேண்டாம் என்கிறீர்களா மாமா?” என்றான். வேண்டாம் என்று யார் சொன்னது? நான்கு முளைகளும் தும்புக்கயிறும் கொண்டுவரச் சொன்னேன். பத்தரை அடிக்கு இருபது அடி என்று முற்றத்தில் கயிறு கட்டினோம். வானை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்தோம். இரண்டு பெரிய பெட்டிகளை மருமகள் எடுத்து வந்தாள். அவற்றை இறக்கி வீட்டு வாசல்வரை கொண்டுபோகும்போது எங்கெங்கே கயிறு இடறுகிறதோ, அங்கங்கே முளையைப் பிடுங்கி வெளியே நட்டோம். காசு செலவில்லாத இந்தச் சோதனையில் வெளிப்பட்ட உண்மையை எந்தப் பிரசுரமும் சொல்லாது. மாலையில் கயிறு நின்ற அளவு, தூண்களுக்குள்ளே பதின்மூன்றரை அடி அகலம், இருபத்துநான்கு அடி நீளம். சட்டத்தின் கீழ் உயரம் எட்டரை அடி என்று நான் சேர்த்தேன்.

“இவ்வளவு பெரிதா?” என்று அவன் மலைத்தான். பெரிதாக்கினால் செலவு ஏறுவதோடு மழையும் காற்றும் ஏறும். மழை நேரே கீழே விழுவதில்லை. நிலைக்குத்திலிருந்து முப்பது பாகை சரிந்து விழும் மழை, ஏழடி உயரக் கூரையின் ஓரத்திலிருந்து நான்கு அடி உள்ளே வரும். ஒன்பது அடி உயரமானால் ஐந்து அடிக்கும் மேலே வரும். உயர்ந்த வானுக்காகக் கூரையை உயர்த்துகிறவர், அதற்கு ஈடாகக் கூரையை வெளியே நீட்டவேண்டும். அல்லது மழைப்பக்கத்தில் மறைப்புத் தகடு இறக்கவேண்டும்.

மழையைத் தடுக்க விளிம்பு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி சீகிரியாவுக்குப் புதியதன்று. காசியப்பன் 477 முதல் 495 வரை இங்கே அரசாண்டான். அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பௌத்த துறவிகள் இப்பாறைகளின் அடியிலுள்ள குகைகளில் வாழ்ந்தனர். குகைவாயிலின் மேலே, பாறையின் நெற்றியில் அவர்கள் ஒரு விளிம்பைக் கொத்திவைத்தார்கள். பாறையை ஒட்டி வழிந்துவரும் நீர் அந்த விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும், குகைக்குள் வராது. நாகபடம் போன்ற வடிவமுடைய குகையில் இன்றும் அந்த விளிம்பையும், அதன் கீழே பழைய பிராமி எழுத்தையும் காணலாம். பின்னர் வந்த காசியப்பனின் கட்டடக்காரர்கள், பெரும்பாறைகளின்மேல் செங்கற்சுவர் அமர்வதற்கு இடம் வெட்டினார்கள். சுவரும் கூரையும் மறைந்துபோயின. வெட்டிய இடங்கள் எஞ்சியிருக்கின்றன. ஓவியங்களைப் பார்க்க விரைபவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. கொட்டகை கட்ட நினைப்பவர் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். தகட்டின் ஓரத்தையும் அவ்வாறே சிறிது கீழ்நோக்கி மடித்துவிட்டால், நீர் தகட்டின் அடிப்பக்கமாக ஓடித் தூணில் வழியாது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே ஒக்டோபர் முதல் ஜனவரிவரை வரும் மாரிமழையை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து தள்ளிவரும். ஆனி, ஆடி மாதங்களில் மழையில்லாமல் தென்மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மழைக்காகக் கிழக்குப் பக்கத்தை முற்றாக அடைத்தால், மேற்கிலிருந்து நுழையும் காற்று வெளியேற வழியின்றிக் கூரையை அடியிலிருந்து தூக்கும். விரித்த குடையைக் காற்று பறிக்கும் விதம் அது. ஆகவே மறைப்புத் தகட்டின் மேலும் கீழும் ஓரடி இடைவெளி விடச் சொன்னேன். மேலே விட்ட இடைவெளியைக் கூரையின் நீட்சி காக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைக் கண்டவர்களுக்கோ, தகரம் பறப்பது எப்படி என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தரையில் ஆணியடித்து நிறுத்தும் தூண்களை நம்பாமல், குழிவெட்டிக் கொங்கிறீற்று இட்டுத் தூணை நாட்டுவதே இவ்வளவு பெரிய கூரைக்குத் தகும்.

நீட்சிகளையும் சேர்த்தால் எங்கள் கூரை ஏறக்குறைய பதினாறு அடிக்கு இருபத்தாறு அடி, அதாவது 416 சதுர அடி. ஓரங்குல மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் சுமார் 980 லீற்றர்! இதைக் கேட்டதும் மருமகளின் கண்கள் விரிந்தன. கோடையில் கிணறு வற்றும் பிரதேசத்தில், செலவின் ஒரு பகுதியைக் கூரையே நீராகத் திருப்பித் தருமானால் அது சிறிய விஷயமா? ஒரு பீலியும் ஆயிரம் லீற்றர்த் தொட்டியும் அப்போதே பட்டியலில் ஏறிவிட்டன. தொட்டி நிற்கும் மூலையை நோக்கிக் கூரை சரிய வேண்டும் என்பதும் அதனோடு முடிவாயிற்று.

சில்லறையாக இரண்டு விஷயங்கள். சீகிரியாவைச் சூழ்ந்த நிலத்தில் தொல்பொருட் காப்புப் பகுதிகள் உண்டு. எனவே குழிவெட்டுமுன் பிரதேச சபையிடமும், காப்பெல்லை அருகிலிருந்தால் தொல்பொருள் திணைக்களத்திடமும் கேட்டுக்கொள்வது நன்று. மற்றது, கொட்டகையில் இடம் மிஞ்சுகிறதே என்று நெல்மூட்டை அடுக்கக்கூடாது. நெல்லின் வாசனைக்கு யானை வரும். அதற்குத் தூணின் அளவெல்லாம் கணக்கில்லை.

பிரசுரத்துக் கொட்டகையை விட்டுவிட்டு, ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரரை அழைத்துக் கயிற்றைக் காட்டினோம். அவர் சுற்றி நடந்தார், அண்ணாந்து பார்த்தார். பதின்மூன்றரை அடிக்குக் குறுக்குச் சட்டம் இன்னும் கனமானதாக வேண்டும் என்றும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவைக் கழித்தே தகட்டின் எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும் என்றும் கூறினார். அவர் சொன்ன தொகை பிரசுரத்தில் கண்டதைவிடக் கூடுதல்தான். மருமகன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் சிறிது யோசித்து, தளம் இப்போது வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். தளத்துக்குரிய நான்கு அங்குலத்தை மட்டும் தூணில் விடாமல் சேர்த்துக்கொண்டோம்.

கடைசியில் ஒரு தடை எழுந்தது. கயிற்றின் வடமூலைக்கு மேலே புளியமரத்தின் கிளையொன்று நீண்டிருந்தது. வெட்டிவிடலாம் என்றார் ஒட்டுவேலைக்காரர். “அதன் நிழலில்தான் என் குசினி குளிர்ந்திருக்கிறது. கொட்டகையை நகர்த்துங்கள்” என்றாள் மருமகள். முளைகளைப் பிடுங்கி, இரண்டடி தெற்கே நட்டுக் கயிற்றை மீண்டும் கட்டினோம். மாரி ஓய்ந்து தை பிறந்ததும் குழி வெட்டுவதாக ஏற்பாடு.