கிண்டியில் ஒரு வெளிமான்

அமெரிக்காவில் வளரும் என் மகள் வயிற்றுப் பேரன் கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குத் தாம்பரம் வந்திருந்தான். பதினோரு வயது. முந்தைய கோடையில் பெற்றோருடன் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைக் கண்டு வந்தவன். காட்டெருதுகள் சாலையை மறித்து நின்றதையும், வெந்நீர் ஊற்றுகள் வானளாவப் பீறிட்டதையும் எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு ஆறவில்லை. "தாத்தா, உங்க ஊர்ல நேஷனல் பார்க் இருக்கா?" என்று ஒருநாள் கேட்டான். இருக்கிறது என்றேன். காரில் எத்தனை மணி நேரம் என்றான். காரே வேண்டாம், மின்சார ரயிலில் அரைமணி நேரம் போதும் என்றதும், கிழவர் வேடிக்கை செய்கிறார் என்றே எண்ணிவிட்டான்.

1872-இல் அமைந்த யெல்லோஸ்டோனின் பரப்பு ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் கிண்டிக் காடோ மூன்று சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாது. சுமார் 270 ஹெக்டேர்தான். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் இத்தனை பெரிய நகரத்தின் வயிற்றுக்குள் இயற்கையான காடொன்று எஞ்சியிருப்பது உலகில் அரிதினும் அரிது. பரங்கிமலை உச்சியில் புனித தோமையார் ஆலயத்து முற்றத்தில் நின்று சென்னையை நோக்கியவர்கள், கட்டடக் கடலுக்கு நடுவே அந்தக் கரும்பச்சைத் திட்டைக் கண்டிருப்பார்கள். அது இன்னதென்று கேட்டிருக்கமாட்டார்கள். நானும் பல்லாண்டுக்காலம் கேட்டவனல்லன்.

காட்டின் உட்பகுதி எல்லாருக்கும் திறந்ததன்று. வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, காவலர் துணையோடுதான் நடக்கலாம். அனுமதி பெற்றோம். மார்கழிக் குளிர் விலகாத காலையில் தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கினோம். சர்தார் பட்டேல் சாலையின் பேருந்து இரைச்சல் முதுகுக்குப் பின்னால் இருக்க, பத்தடி உள்ளே போனதும் காற்றே வேறாகிவிட்டது. ஆலும் வேம்பும் களாவும் காட்டெலுமிச்சையும் பின்னிக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த காலமாதலால் குட்டைகள் நிறைந்திருந்தன. கோடையில் வந்தால் இதே இடம் சருகாய்க் கிடக்கும். விலங்குகள் தண்ணீரைத் தேடித் தொட்டிகளருகே கூடும். எந்தப் பருவத்தில் வந்தாலும் காண்பதற்கு ஏதேனும் உண்டு.

முதலில் எதிர்ப்பட்டவை புள்ளிமான்கள். பையன் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி ஓய்ந்தான். நரி ஒன்று பாதையைக் கடந்தது. அது நாயென்று அவனும், நரியென்று காவலரும் வாதிட்டார்கள். ஆனால் நான் காணவிரும்பியது வேறொன்று.

போலோ திடல் என்று வழங்கும் புல்வெளியின் விளிம்புக்கு வந்ததும் காவலர் கையுயர்த்தி எங்களை நிறுத்தினார். தொலைவில் தனியே ஓர் ஆண் வெளிமான் நின்றது. முதுகு கரிய நிறம். வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் தூய வெண்மை. தலைமேல் முறுக்கிய இரு கொம்புகள். புள்ளிமானின் கிளைக்கொம்பு உதிர்ந்து உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்பு உதிர்வதில்லை, கிளைப்பதுமில்லை. அது எங்களைக் கண்டுகொண்டது. ஆயினும் ஓடவில்லை. இடையே நல்ல வெளி இருந்ததால் ஓடவேண்டிய அவசியமில்லை என்று அறிந்தே நின்றதுபோலும்.

இந்த இனத்துக்குப் பார்வையே காவல். பகையைத் தொலைவிலேயே கண்டு, பின் பாய்ந்தோடித் தப்புவது அதன் வழக்கம். ஆகையால் புதர் அடர்ந்த இடம் அதற்கு வீடாகாது. குட்டைப்புல் பரந்த திறந்த நிலமே வேண்டும். கோடியக்கரையில் அது மிகுதியாக வாழ்வதும் அங்கே அத்தகைய நிலம் இருப்பதனாலேயே. வெளிமான் என்று நம் முன்னோர் சும்மாவா பெயரிட்டார்கள்?

"முன்னே இந்த வெளி இன்னும் பெரிசுங்க ஐயா," என்றார் காவலர். "மரம் கூடக்கூட இதுக்கு இடம் கொறையுது. புள்ளிமானுக்குக் கவலையில்ல, அது தழையும் திங்கும், புல்லும் திங்கும். இது பாவம், எங்க போகும்?"

அவர் சொன்னது என்னைச் சுட்டது. காரணம் உண்டு. ஆசிரியப் பணியில் இருந்த நாளில், தாம்பரத்துக்குக் கிழக்கே 'வெறும் பொட்டல்' என்று நாங்கள் அழைத்த புறம்போக்கு ஒன்றில் மாணவர்களைக் கொண்டு மரக்கன்றுகள் நட்டவன் நான். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் பொட்டலில் ஆட்காட்டிக் குருவிகள் தரையிலேயே முட்டையிட்டு வந்ததை நன்றாக அறிவேன். ஆயினும் அவற்றை ஒரு பொருட்டாக நான் எண்ணவில்லை. மரமில்லாத நிலம் என்றால் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்பதே அன்று எனக்குத் தெரிந்த பாடம். கிண்டியிலும் அப்படித்தான் நல்லெண்ணத்தோடு நட்ட மரங்களும், அழையாமல் நுழைந்த சீமைக்கருவேலமும், புதர்களும் புல்வெளியை மெல்ல மெல்லத் தின்றன. கோடரியால் அழியும் காடுண்டு என்பதை எல்லாரும் அறிவோம். கன்று நட்டு அழியும் வெளியும் உண்டென்று எனக்கு எழுபது வயதுக்குமேல் ஒரு காவலர் கற்பித்தார்.

நிலமும் சுருங்கியது. ஆளுநர்களின் நாட்டுப்புற மாளிகையைச் சூழ்ந்திருந்த இக்காடு 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது 505 ஹெக்டேர் இருந்தது. நாடு விடுதலையடைந்தபின் காந்தி மண்டபத்துக்கும், ஐ.ஐ.டி.க்கும், இராஜாஜி, காமராசர் நினைவிடங்களுக்கும், இன்னும் பல நிறுவனங்களுக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எதையும் வேண்டாததென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐ.ஐ.டி. வளாகத்தில் இன்றும் வெளிமான்கள் சில உலவுகின்றன என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் கொடுத்தது காடு, வாங்கியது நகரம்.

உள்ளே நடக்க அனுமதி கிடைக்காத குடும்பத்தார் வருந்தவேண்டா. காட்டின் ஓரத்திலேயே சிறுவர் பூங்கா இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. அடைப்புக்குள் மான்களையும் பறவைகளையும் அருகிலேயே காணலாம். அடுத்திருப்பது பாம்புப் பண்ணை. இதில் தாம்பரத்தார்க்கு ஓர் உரிமையே உண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் அதை முதலில் தொடங்கியது நம் சேலையூரில். 1972-இல்தான் கிண்டிக்குப் பெயர்ந்தது. வண்டலூர் மிருகக்காட்சிசாலை நமக்கு இன்னும் அண்மையில் இருக்கிறதே என்பீர்கள். சிங்கமும் புலியும் காண அங்கே செல்லுங்கள். 1985 முதல் அங்கே விசாலமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றை மனிதன் கொண்டுவந்து வைத்தான். கிண்டியிலோ காடு முன்னமே இருந்தது; நகரம்தான் பிறகு வந்தது.

சோற்றுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகாதீர்கள். குரங்கு பறித்துக்கொள்ளும் என்பதற்காக மட்டுமன்று. காற்றில் வேலிக்கு அப்பால் போன பையை உணவென்று மென்று மான்கள் இறந்திருக்கின்றன. என் பேரனின் பிஸ்கோத்துப் பொட்டலம் குரங்கின் கைக்குப் போனபோது, காவலர் அந்தக் காகிதத்துக்காகப் புதருக்குள் குனிந்து கால்மணி நேரம் தேடினார். அதைக் கண்டபின் பையன் சட்டைப்பையிலிருந்த மிட்டாய்த் தாளையும் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டான்.

திரும்புகையில் ரயிலில் ஜன்னலோரம் அவனுக்கே. மீனம்பாக்கம் தாண்டியபோது விமான நிலையத்தின் பக்கம் எட்டிப்பார்த்தவன், தூரத்தில் தெரிந்த புல்தரையைச் சுட்டிக்காட்டி, "தாத்தா, இங்க மரமே இல்லையே! வெளிமான் இங்க இருக்கலாமே?" என்றான். விமானங்கள் இறங்கும் இடமப்பா என்றேன். திரிசூலம் வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.