ஏழு பறவைகளும் என் தமையனாரும்

சீன தேசத்து மலையொன்றைப் பற்றி எழுத ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி உண்டு என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. என் படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. அந்தத் தேசத்தை நான் கண்ணால் கண்டதும் இல்லை. எனினும் சில மாதங்களாக அந்த மலை என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. இதைச் சங்கச் செயலாளரிடம் சொன்னபோது, "சும்மா சொல்லிக்கொண்டிராதீர், எழுதிக் கொடும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

என் காரியாலய மேஜைமேல் ஒரு பதிவேடு உண்டு. எந்த வண்டி எங்கே எத்தனை நிமிஷம் தாமதித்தது, என்ன காரணம் என்று அதில் தினமும் ஏற்றுவது என் வேலை. சிக்னல் பழுது, இஞ்சின் கோளாறு, சங்கிலி இழுப்பு என்று காரணங்கள் வரிசையாக வரும். அவற்றின் நடுவே 'கால்நடை மோதல்' என்று ஒன்று அடிக்கடி வரும். எதிரே பதினான்கு நிமிஷம், இருபத்திரண்டு நிமிஷம் என்று கணக்கு இருக்கும். அடிபட்டது பசுவா, எருமையா, காட்டிலிருந்து வந்த மானா என்று எழுத அந்த ஏட்டில் இடம் கிடையாது. பத்தாண்டுகளாக நான் நிமிஷங்களையே எழுதி வந்தேன். அதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்தில் உட்கார்ந்து பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு படம். நம் ஊர் வயல்களில் உழவு நடக்கும்போது பின்னாலேயே வந்து சேற்றைக் குத்தும் அரிவாள் மூக்கனை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குடும்பத்துப் பறவைதான் அதுவும். வெள்ளை உடல், சிவந்த முகம், பிடரியில் சரியும் நீண்ட கொண்டை, அரிவாள்போல் வளைந்த கருத்த அலகு. சிறகை விரித்தால் உட்புறம் விடியற்காலை வானத்தின் இளஞ்சிவப்பு. சீனர் இதனை ஜூஹுவான் என்கிறார்கள். ஜப்பானியர் டோக்கி என்கிறார்கள். நான் கொண்டை அரிவாள் மூக்கன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதன் வீடு சின்லிங் மலை. சீனாவின் நடுவே, ஷான்சி மாகாணத்தின் தென்பகுதியில், கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் பெருமலை அது. உச்சிச் சிகரமான தைபாய் 3,771 மீட்டர். மலைக்கு வடக்கே விழுந்த மழை மஞ்சள் ஆற்றுக்குப் போகும். தெற்கே விழுந்தது ஹான் ஆற்றின் வழியே யாங்சி நதிக்குப் போகும். வடக்கே கோதுமை, தெற்கே நெல். வடக்கே இருந்து வரும் குளிர்காற்றை மலை தடுத்துவிடுவதால் தென்சரிவு ஓரளவு வெதுவெதுப்பானது. வடநாட்டு உயிரும் தென்னாட்டு உயிரும் ஒன்றாய் வாழும் இடம் என்று அறிஞர்கள் அதனைப் போற்றுகிறார்கள். பாண்டாக் கரடி அங்கே உண்டு. 2015இல் வெளியான கணக்கெடுப்பில் அந்த மலையில் மட்டும் 345 என்று கண்டார்கள். பொன்னிற மயிர் கொண்ட குரங்கு உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடைப்பட்டதுபோல் தோன்றும் டாக்கின் என்னும் பெரிய விலங்கும் உண்டு. பாண்டாவின் புகழ் உலகம் அறிந்தது. அதைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

கொண்டை அரிவாள் மூக்கன் ஒரு காலத்தில் ரஷ்யாவின் கீழ்க்கோடியிலும், கொரியாவிலும், ஜப்பானிலும், சீனாவிலும் ஏராளமாகத் திரிந்தது. இறகுக்காகவும் இறைச்சிக்காகவும் சுட்டார்கள். கூடு கட்டும் நெடுமரங்களை வெட்டினார்கள். வயலில் பூச்சிமருந்து வந்தது, தவளையும் மீனும் போயின, பறவையும் போயிற்று. சீனாவில் 1964க்குப் பிறகு யாரும் அதைக் கண்டதாகச் செய்தி இல்லை. ஜப்பானில் ஸாடோ தீவில் எஞ்சியிருந்த ஐந்தையும் 1981 ஜனவரியில் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள், அங்கேயாவது குஞ்சு பொரிக்கட்டும் என்று. பொரிக்கவில்லை.

இதற்கிடையில் பீகிங்கில் விலங்கியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லியூ யின்ஸெங் என்பவர் பறவையைத் தேடப் புறப்பட்டிருந்தார். மூன்று ஆண்டுகள், பல மாகாணங்கள், ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர். போகும் ஊரில் எல்லாம் பறவையின் படத்தைக் காட்டி, இதைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். நம்மில் ஒருவர் அப்படிப் போயிருந்தால் முதல் ஆண்டு முடிவிலேயே, 'இல்லை' என்று அறிக்கை எழுதி, பயணப்படியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். அவர் போய்க்கொண்டே இருந்தார். 1981 மே மாதத்தில் சின்லிங்கின் தென்சரிவில், யாங்சியென் வட்டத்தில், மலைமேல் உள்ள யாவ்ஜியாகோ என்னும் குக்கிராமத்துப் பக்கம் பறவைகளைக் கண்டார். பெரியவை நான்கு, குஞ்சுகள் மூன்று, ஆக ஏழு. உலகத்துக் காடுகளிலும் வயல்களிலும் சுதந்திரமாய்ப் பறந்தவை என்று அறியப்பட்டவை அந்த ஏழே.

அந்த மலைக்குடிகள் மிக ஏழைகள். உரமும் மருந்தும் விலைகொடுத்து வாங்கக் கையில் காசு இல்லை. வாய்க்கால் பாசனம் கிடையாது. ஊற்றுத் தண்ணீரை நம்பியே விவசாயம். ஆகவே அறுவடை முடிந்ததும் வயலைக் காயவிடாமல் குளிர்காலம் முழுதும் தண்ணீர் கட்டி வைப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தில் நடவு இல்லை. பனி பெய்யும் மாதங்களிலும் அந்தத் தண்ணீரில் நம் அயிரை இனத்துச் சிறுமீன்களும், நத்தையும், நண்டும் இருந்தன. மற்ற ஊர்களில் பசி தாங்காமல் அழிந்த பறவை இந்த வறுமையின் ஓரத்தில் பிழைத்துக் கிடந்தது.

கண்டுபிடித்த சில நாட்களிலேயே வட்ட நிர்வாகம் நான்கு தடைகளை விதித்தது. பறவை திரியும் இடத்தில் வேட்டை கூடாது. கூடு கட்டும் மரத்தை வெட்டக் கூடாது. இரை தேடும் வயலில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடக் கூடாது. கூட்டுக்கு அருகில் புதுநிலம் திருத்துவதும் வெடி வைப்பதும் கூடாது. நான்கு பேரைக் கொண்ட ஒரு சிறு காவல் நிலையம் மலைமேல் ஏற்பட்டது. முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும்வரை கூட்டு மரத்தடியில் இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள். பாம்பு ஏறாதபடி மரத்தைச் சுற்றிக் கூர்த் தகடுகளைப் பொருத்தினார்கள். குஞ்சு தவறி விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கீழே வலை கட்டினார்கள். பிரசவ வீட்டில்கூட அவ்வளவு ஜாக்கிரதை இருக்குமா என்பது சந்தேகம். முதல் ஆண்டுக் குஞ்சுகளில் நலிந்துபோன ஒன்றைப் பீகிங் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். அங்கே 1989இல் கூண்டுப் பறவைகள் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தன.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு உண்டான உற்சாகத்தில் அன்று மாலையே ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். எங்கள் ஊர் காவிரிப் படுகையில். அங்கே என் தமையனார் எட்டு மா நிலத்தை உழுது வருகிறார். சம்பா நடவு முடிந்ததும் மருந்துச் செலவுக்கு நான் பணம் அனுப்புவது வழக்கம். சீனத்துப் பறவையின் கதையைச் சொல்லிவிட்டு, "இந்த ஆண்டு மருந்து அடிக்காமல் விட்டால் என்ன, அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, நீ மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன். குருத்துப்பூச்சி விழுந்தால் உன் பறவை வந்து என் பிள்ளைகளுக்குச் சோறு போடுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகே நான் அந்தக் கதையை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். முதலில் படித்தபோது லியூ யின்ஸெங்கைப் பார்த்தேன், பறவையைப் பார்த்தேன், வயலுக்குச் சொந்தக்காரனைப் பார்க்கவில்லை. உரம் போடாதே என்றால் விளைச்சல் குறையும். மரத்தை வெட்டாதே என்றால் காசுக்கு ஒரு வழி அடைபடும். போதாக்குறைக்கு இந்தப் பறவை புதிதாய் நட்ட நாற்றை மிதிக்கும். ஜப்பானிய உழவர் முற்காலத்தில் அதை விரட்டி அடித்ததற்கு அதுவே காரணம். யாங்சியென் குடியானவர்களுக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. ஆனால் அது போதுமானதாக இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பறவையைக் காத்தவர் என்று உலகம் பாராட்டுவது விஞ்ஞானியை. அவர் பாராட்டுக்கு உரியவரே. ஆயினும் அரைவயிறு உண்டு செலவைச் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நான் படித்த புத்தகத்தில் இல்லை. இது என் அபிப்பிராயம். தவறானால் அன்பர்கள் திருத்தலாம்.

நிலைமை பிறகு மெல்ல மாறியது. யாங்சியெனில் கருப்பு நெல் தொன்றுதொட்டு விளைவது. மருந்தே படாத வயலில் விளைந்தது, அருமைப் பறவை உலாவும் வயலில் விளைந்தது என்று சொல்லி அந்தக் கருப்பரிசியை நகரங்களில் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். எல்லா வீட்டுக்கும் அந்த லாபம் எட்டியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தடை என்று வந்தது ஓரளவு பிழைப்பாகவும் ஆயிற்று. 2005இல் அப்பகுதி தேசியக் காப்பிடம் ஆனது. பறவைகள் மலையிலிருந்து இறங்கி ஹான் ஆற்றுச் சமவெளியிலும் ஊர் நடுவிலும் திரிய ஆரம்பித்தன. 1999இல் சீனா ஒரு ஜோடியை ஜப்பானுக்குக் கொடுத்தது. அவ்வாண்டே அங்கே குஞ்சு பிறந்தது. 2008இல் ஸாடோ தீவின் வானத்தில் பத்துப் பறவைகளை விட்டார்கள். அந்தத் தேசத்துச் சொந்தப் பறவையில் கடைசியாக எஞ்சிய கிழவி 2003இலேயே இறந்துவிட்டது. ஏழாக இருந்த இனம் இன்று பத்தாயிரத்துக்கும் மேல். அத்தனையும் ஒரு பிடி பறவைகளின் சந்ததி ஆதலால், ஒரே நோயில் எல்லாம் போய்விடுமோ என்ற அச்சம் அறிஞர்களுக்கு இன்னும் தீரவில்லை. வேறு மாகாணங்களிலும் கொண்டுபோய் விடுவது அதற்காகத்தான்.

இனி, என் தொழிலைச் சேர்ந்த விஷயத்துக்கு வருகிறேன். சின்லிங்கைக் குறுக்கே கடக்கும் முதல் ரயில் பாதை 1958இல் முழுதும் திறக்கப்பட்டது; பாவோஜியிலிருந்து செங்டு வரை. அது மலையின் மேற்குப் பக்கமாய்ப் போவது. 2017 டிசம்பரில் ஸியானிலிருந்து செங்டுவுக்கு அதிவேகப் பாதை திறந்தார்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். இது சுரங்கம் சுரங்கமாய் மலையைக் குடைந்து தெற்கே வெளிப்பட்டு நேரே யாங்சியென் வழியாகவே போகிறது. பறவை தாழப் பறக்கும் வயல்வெளி அது. என் பதிவேட்டை எழுதுகிறவனுக்கு அடுத்து என்ன நேரும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் பாதையின் ஓரமாகப் பறவைகள் திரியும் நீளத்துக்கு உயரமான வலைகளைக் கட்டியிருக்கிறார்கள். பறவை வலையைக் கண்டு மேலே எழும்பி, வண்டிக்கும் மின்கம்பிக்கும் உயரே கடந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. படத்தைப் பார்த்தேன். பெரிய கலைவேலை ஒன்றும் இல்லை; கம்பமும் வலையும்தான். அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு காரியாலயத்தில், பாதை போடுமுன்பே, எந்தப் பறவை எந்த உயரத்தில் எந்த மாதத்தில் பறக்கும் என்பதை யாரோ ஒரு குமாஸ்தா ஒரு ஏட்டில் எழுதியிருக்க வேண்டும் அல்லவா? எழுதாமல் வலை எப்படி வரும்?

மறுநாள் முதல் என் பதிவேட்டின் 'குறிப்பு' என்ற கட்டத்தில், மோதல் நடந்த கிலோமீட்டர்க் கல்லின் எண்ணையும், அடிபட்டது என்ன பிராணி என்பதையும் ஸ்டேஷனில் கேட்டுச் சிறிய எழுத்தில் எழுதி வருகிறேன். மேலதிகாரி ஒருநாள் கவனித்து, "இது எதற்கு?" என்றார். "தெரிந்து வைத்திருக்கலாம் என்று, ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். நான்கு மாதத்துக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்ததில், மான் அடிபட்டது ஐந்து முறை. அவற்றில் நான்கு ஒரே கல்லுக்கு இரு பக்கமும் மூன்று கிலோமீட்டருக்குள். இதை ஒரு தாளில் தனியே எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

தமையனாரிடம் சென்ற வாரம் மறுபடி பேசினேன். பறவைப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். கருப்பரிசியை யார் வாங்குகிறார்கள், என்ன விலை என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பிறகு, "அறுப்பு முடிந்தபின் தண்ணீர் கட்டி வைக்கிறார்கள் என்றாயே, அவ்வளவு தண்ணீர் ஏது?" என்று கேட்டார். ஊற்றுத் தண்ணீர்தான், அதை விட்டால் நடவுக்கு வேறு தண்ணீர் இல்லாததால்தான் கட்டி வைக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்படிச் சொல்லு" என்றார். நம் பள்ளத்து வயலிலும் அப்பா காலத்தில் தை மாதம்வரை தண்ணீர் வடியாது, அயிரை துணியில் அள்ளுவோம், நீ அப்போது குழந்தை என்றார்.

மருந்துப் பணத்தை இந்தத் தடவை ஆறு மாவுக்கு மட்டும் அனுப்பினால் போதும் என்றார். பள்ளத்து வயல் இரண்டு மா. பூச்சி விழுந்தால் உடனே தந்தி போல் செய்தி வரும், பணத்தைத் தயாராக வைத்திரு என்றும் சொல்லியிருக்கிறார். வைத்திருக்கிறேன்.