எல்லைக்கு அந்தப்பக்கத்து அடுப்பு – 2

சிங்கப்பூர் போவதாகத்தான் இருந்தோம். வீட்டுக்காரருடைய பாஸ்போர்ட் காலாவதியாகி எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "பாசை மாறுனா அதும் வெளிநாடுதான் கண்ணு" என்று அத்தை சமாதானம் சொன்னதில் தாராபுரத்தில் கிளம்பி, பொள்ளாச்சி வழியாக மீனாட்சிபுரத்தில் எல்லை தாண்டிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன்.

எனக்கும் இந்தப் பயணத்தில் ஒரு தனிக்கணக்கு இருந்தது. முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். ஆறு வருடமாகக் கிழமைக்கு ஒரு குழம்பு, மாற்றமே இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் கேரியரைத் திறக்காமலே "வியாழன், முருங்கைக்காய் சாம்பார்" என்று சொல்லிவிடுவாராம். அது காதுக்கு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கைப்பையில் ஒரு நோட்டு எடுத்து வைத்திருந்தேன்.

முதல் நாள் காலை ராமசேரி. பாலக்காட்டுக்குப் பக்கத்தில், எலப்புள்ளியை ஒட்டின சின்ன ஊர். இட்லிக்குப் பேர் போனது. சுடுகிறவர்கள் சில முதலியார் குடும்பங்கள் மட்டுமே. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து எப்போதோ வந்தவர்கள் என்கிறார்கள். "எத்தனை தலைமுறை ஆச்சுங்க?" என்று கேட்டேன். அடுப்படியில் இருந்த அம்மா கையை விரித்துவிட்டு மாவுக் கரண்டியை எடுத்தார்.

இட்லிக் கொப்பரையும் இல்லை, குழித்தட்டும் இல்லை. தண்ணீர் கொதிக்கும் பானையின் வாயில் மண்ணால் செய்த ஒரு வளையம், அதில் கட்டில் பின்னுவதுபோல நூல் வலை. வலைமேல் ஈரத்துணி. துணியில் ஒரு கரண்டி மாவை விட்டு, தோசைக்குத் தேய்ப்பதுபோல லேசாக ஒரு சுற்று. அதன்மேல் இன்னொரு வளையம், இன்னொரு துணி, கடைசியில் மேலே கவிழ்த்த பாத்திரம். புளிய விறகு நின்று எரிகிறது. பத்துப் பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்றார். நம் வீட்டுக் கணக்கில் நாலுக்கு ஒன்று போடுகிறவளுக்குப் பத்துக்கு ஒன்று என்பது நம்ப முடியாத கணக்கு. கல்லாகிப் போகாதா? போகவில்லை. அலுமினியத்தில் வைத்தால் இந்த ருசி வராது, மண்தான் மிச்சத் தண்ணியைக் குடித்துக்கொள்கிறது என்றார் அந்த அம்மா.

அத்தை முதல் இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அமுக்கி வெச்ச மாதிரி இருக்குதே அம்முணி." பொடி வந்தது, தேங்காயெண்ணெயில் குழைத்து. நல்லெண்ணெய் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தவர், ஏனோ கேட்காமல் ஒரு விள்ளல் தொட்டு வாயில் போட்டார். இரண்டாவது இட்லிக்குப் பேச்சே இல்லை. மூன்றாவதை அவராகவே கேட்டு வாங்கினார். வெளியே வந்து, "எண்ணெயிலதான் சூச்சுமம்" என்றார். நோட்டில் அதைத்தான் எழுதினேன். வாங்கிய மண் வளையம் சின்னாறு போவதற்குள் டிக்கியிலேயே இரண்டாகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலை இங்கே விரிக்க வேண்டாம்.

மதியம் கல்பாத்தி. ஆற்றங்கரையில் விசுவநாதசாமி கோயில், அங்கே 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இரண்டு பக்கமும் ஓட்டுவீட்டு அக்கிரகாரம். தேர் நவம்பரில். நாங்கள் போனபோது தெருவில் அப்பளம்தான் காய்ந்துகொண்டிருந்தது. தெரிந்தவர் மூலம் ஒரு மாமி வீட்டில் சாப்பாடு. இலையில் விழுந்தது மொளகூட்டல். வெந்த பருப்பு, பூசணிக்காய், தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் அரைத்து விட்டது. புளி என்கிற பேச்சே கிடையாது. "புளிப்பு வேணும்னா தொட்டுக்க இருக்கே" என்று அரைச்சுக்கலக்கியைக் காட்டினார். பச்சைத் தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துத் தயிரில் கலந்தது, அடுப்புக்கே போகாதது. குழம்புக்குள் இருக்கவேண்டிய புளிப்பை வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்கள்! தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கணவாய் வழி வந்தவர்கள், தேங்காய் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற ஊரில் புளிப்பானையை ஓரமாய் நகர்த்திவிட்டார்கள் போல. இது என் ஊகம்தான்.

ஊர் திரும்பிய முதல் வியாழன் முப்பது கேரியரிலும் மொளகூட்டல் போனது, அரைச்சுக்கலக்கி தனி டப்பாவில். ஒன்றரை மணிக்கு போன். அந்த வங்கிக்காரர்தான். "அக்கா, சாம்பார்ல புளி போட மறந்துட்டீங்களா?" டப்பாவைத் திறக்கவே இல்லை மனிதர்.

மறுநாள் இடுக்கி. நாங்கள் எடுத்த வழியில் ஒரு வேடிக்கை: கேரளத்து மாவட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மறுபடி தமிழ்நாட்டுக்குள் வரவேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, பிறகு காடு. சின்னாறு சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள், விட்டார்கள். மலை மறைத்து மழை தட்டுப்படாத முள்காடு, பிறகு திடீரென்று சந்தன மரங்களும் கரும்புக் காடும். மறையூர்.

இங்கே ஓடுவது பாம்பாறு. கேரளத்தில் கிழக்கே பாயும் மூன்று ஆறுகளில் கபினி, பவானி போக மூன்றாவது இது. சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்குத்தான் இறங்குகிறது. அதாவது எங்கள் தாராபுரத்துக்கு. சொன்னதும் மகள் முதன்முறையாக போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ராத்திரி கப்பையும் காந்தாரிச் சம்மந்தியும். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது மலையாளக் கரையின் வயிற்றை நிரப்பியதும் அதுதான். எங்கள் பக்கம் அது குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி ஆலைக்கு லாரியில் போகிற சரக்கு. அதை இப்படி வேகவைத்து, ஊசிமுனை மிளகாயைச் சின்ன வெங்காயத்தோடு நசுக்கி உப்பும் தேங்காயெண்ணெயும் விட்டுத் தின்னலாம் என்று முப்பது வருடம் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீரோடு இரண்டாம் தட்டு வாங்கினார்.

காலையில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உள்ளே போனதும் அத்தை நடை மாறிவிட்டது. அவர் பிறந்த வீட்டில் ஆலைக்கொட்டாய் இருந்தது. சக்கை எரிகிற அடுப்பு, கொப்பரையில் நுரை தள்ளும் சாறு, பாகு பதத்தைக் கரண்டியில் தூக்கிப் பார்க்கும் ஆள். பாகை மரத்தொட்டியில் ஊற்றி, ஆறுகிற பக்குவத்தில் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் விரல் பதிந்த தடம். அச்சில் வார்த்ததில் இது இருக்காது. வேலை செய்த எல்லாரும் தமிழ்தான் பேசினார்கள்.

"நானொண்ணு புடிக்கட்டுங்களா?" என்று அத்தை கேட்டார். சூடு என்றார்கள். கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வாய் பாகை அள்ளி, இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு திருகு, ஓர் அமுக்கு. தொட்டிக்காரர் தன் வேலையை நிறுத்திப் பார்த்தார். அந்த உருண்டையை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். நான் ஐந்து கிலோ வாங்கினேன், கச்சாயத்துக்கு.

ஊரில் வந்து கச்சாயம் சுட்ட அன்று, வாங்கி வந்த வெல்லம் ஒரு கை குறைந்தது. அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்த அத்தையின் உருண்டையைக் கேட்டேன்.

"அதைத் தொடாதே அம்முணி. செட்டியார் கடையில வாங்கிக்க."

(தொடரும்)