எல்லக் கணவாயின் காற்று

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைப் புகையிரதத்தில் எல்ல நோக்கிப் புறப்பட்டோம். நானுஓயாவைக் கடந்தபின் மழை விடாது பெய்தது. பட்டிப்பொல, இந்நாட்டிலேயே மிக உயர்ந்த புகையிரத நிலையம். அங்கே சன்னலைத் திறக்கவும் இயலவில்லை. அடுத்துள்ள சுரங்கத்துள் நுழைந்த வண்டி மறுபுறம் வெளிப்பட்டதும், ஈதென்ன விந்தை! இளவெயில், நீலவானம், ஈர உடையை உலர்த்தும் காற்று. ஊவா நம்மை இவ்வாறு வரவேற்றது.

காரணம் எளிது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என வழங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலில் முகந்த நீரை மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலேயே சொரிந்துவிடுகிறது. முடியைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது அது வறண்ட காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீச, தேயிலைத் தளிர் மெதுவாக வளரும்; வளர்ச்சி குறைய மணம் செறியும். அம்மணத்தை நாடியே ஊவாத் தேயிலையை நல்ல விலைக்குக் கேட்கின்றனர்.

எல்ல என்பது அருவியைக் குறிக்கும் சிங்களச் சொல். வெல்லவாய வீதியில் இராவணன் பெயர் தாங்கிய அருவி விழுகிறது. சீதையை மறைத்து வைத்ததாகச் சொல்லப்படும் குகையும் அருகில் உண்டு. அருவிநீர் கிரிந்தி ஓயாவிற் கலந்து, கணவாய் வழியே சமவெளிக்கு இறங்கித் தென்கடலை அடைகிறது. தெமோதரைப் பக்கம், 1921இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடிப்போர் மொய்த்திருந்தனர். பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

திரும்பும் வழியில், தேயிலைச் சரிவொன்றில் கொழுந்து பறித்து நின்ற நடுவயது கடந்த அம்மையார் ஒருவரைக் கண்டோம். காற்றின் பெருமையை அவருக்கு எடுத்துரைத்தோம். (வகுப்பறைப் பழக்கம் எங்கும் உடன் வருகிறது!) அவர் கை ஓயாமலே சிரித்தார்.

"காத்து அடிச்சா தேயிலைக்குப் பேரு, எங்களுக்கு அரைப்பேருங்க, ஐயா."

நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று அளவுண்டு. அதை எட்டாதவர்க்கு அரைநாட் கூலி. அதுவே தோட்டத்து வழக்கில் அரைப்பேர். தளிர் அருகி மணம் மிகும் காலமே, அவர் கூடை நிறையாத காலம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களின் வழிவந்தவர் அவர். எஞ்சியிருந்தோர்க்கும் 2003இல் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. லயத்து வாழ்வு பலர்க்கு இன்னும் மாறவில்லை.

மாலையில் காற்று வலுத்தது. அம்மையார் நிறுவைக்குச் சென்றார். தராசு எவ்வளவு காட்டியதோ, கேட்க நமக்கு நாவெழவில்லை.