தாய்நாடு என்றொரு கப்பல்

‘பாத்ரிஸ்’ என்றால் கிரேக்க மொழியில் தந்தையர் நாடு. நம் வழக்கில் தாய்நாடு. 1959 டிசம்பரில், ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய கப்பலுக்கு சாந்திரிஸ் கம்பெனி வைத்த பெயர் அது. ஊரை விட்டுப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு ஊரையே பெயராக வைத்திருக்கிறார்கள். யார் யோசித்ததோ, வியாபாரம் தெரிந்த ஆள்தான்.

அது புதுக் கப்பலும் இல்லை. டைட்டானிக்கைக் கட்டிய அதே பெல்ஃபாஸ்ட் பட்டறையில், ஹார்லண்ட் அண்ட் வுல்ஃபில், கட்டப்பட்டு 1950இல் ‘புளூம்ஃபான்டைன் காசில்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து தெற்கு ஆப்பிரிக்கப் பக்கம் குடியேறப் போகிறவர்களுக்காக, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவெல்லாம் இல்லாமல், எல்லோருக்கும் ஒரே வகுப்பாகக் கட்டியது. 1953இல் மொசாம்பிக் கரையோரம் ஒரு டச்சுக் கப்பல் மூழ்கியபோது அதிலிருந்தவர்களை இதுதான் காப்பாற்றிக் கூட்டி வந்தது. ஆனால் நம்பியிருந்த கூட்டம் குறைந்துகொண்டே போக, 1959இல் விற்றுவிட்டார்கள். ஆபீஸில் பழைய சர்வரைத் துடைத்து, புதுப் பேர் வைத்து, வேற டீமுக்குத் தள்ளிவிடுவோம் இல்லையா, அதே கதைதான். ஒரு தேசத்துக்காரர்கள் கிளம்புவதை நிறுத்தினார்கள், அடுத்த தேசத்துக்காரர்கள் அதே படுக்கைகளில் வந்து படுத்தார்கள்.

கிரேக்கர்களுக்குக் கிளம்பக் காரணம் இருந்தது. 1941-42இல் நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் பஞ்சம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர். மலைக் கிராமங்களில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கோ தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும். 1952இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சூயஸ் வழியாக மூன்று நான்கு வாரப் பயணம். முதலில் ஃப்ரீமேண்டில், பிறகு மெல்போர்ன், சிட்னி. ஆண்கள் முன்னால் போனார்கள். பின்னாலேயே, போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையைத் தேடிப் பெண்கள் போனார்கள்.

அப்படிப் போன ஒருவர் என் அக்காவின் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அக்கா இருப்பது மெல்போர்னில் ஓக்லீ. கிரேக்கர்கள் நிறைய வாழும் பகுதி. அந்தப் பாட்டியை அக்கா ‘யாயா’ என்று கூப்பிடுவாள். கிரேக்கத்தில் பாட்டி என்று அர்த்தம். அக்கா பையனுக்கு அது ‘ஆயா’ ஆகிவிட்டது, யாரும் திருத்தவில்லை. பாத்ரிஸில் வந்து இறங்கியபோது யாயாவுக்கு வயது இருபத்தொன்று. கையில் ஒரு பெட்டி, ஒரு போட்டோ. துறைமுகத்தில் அந்த போட்டோவை விட பத்து வயசு கூடின ஆள் நின்றுகொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போது யாயா சிரிப்பாராம்.

அந்த நாட்களில் என் அக்கா அந்தக் கரையில் இறங்கியிருக்க முடியாது. வெள்ளையர்களுக்கு மட்டும் என்ற கொள்கை முழுசாக ஒழிந்தது 1973இல்தான். கிரேக்கர்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் தெருவில் அவர்களையும் யாரும் சமமாக நடத்திவிடவில்லை.

யாயாவின் அம்மா இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. பிரித்துப் படித்தபோது அடக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கா இதை முதல் தடவை சொன்னபோது, “இப்ப அப்படியெல்லாம் இல்லடா, ஃப்ளைட் ஏறினா மறுநாள் வந்துடலாம்” என்றாள்.

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையில் எங்கள் அப்பா போனார். சரியாக அந்த வாரங்களில் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குள் நுழைய முடியாது. குடிமக்களாகவே இருந்தாலும் சிறைத்தண்டனை உண்டு என்று அறிவித்திருந்தார்கள். வந்தால் குழந்தையிடம் எப்போது திரும்புவாள் என்று சொல்ல ஆளில்லை. மின்மயானத்தில் வீடியோ காலில் போனை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். சிக்னல் இரண்டு முறை அறுந்தது. அன்று சாயங்காலம் யாயா வேலிக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினாராம். வேகவைத்த கோதுமை, சர்க்கரை, மாதுளை முத்துக்கள். கோலிவா என்று பெயர், இறந்தவர்களுக்காகச் செய்வது. அக்கா அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அன்று தூங்கினாள்.

கப்பல் என்ன ஆனது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். விமானக் கட்டணம் குறையக் குறையக் கப்பலுக்கு ஆள் குறைந்தது. 1974 கிறிஸ்துமஸ் அன்று டார்வின் நகரை ட்ரேசி புயல் தரைமட்டமாக்கியபோது, பாத்ரிஸைக் கொண்டுபோய் அங்கே கட்டி வைத்தார்கள். 1975இல் மாதக்கணக்கில் வீடிழந்தவர்கள் அதில் குடியிருந்தார்கள். பிறகு வேறு பெயரில், கிரீஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே கார் ஏற்றும் ஃபெர்ரி. 1987இல் பாகிஸ்தானின் கடானிக் கடற்கரையில் உடைக்கப்பட்டது. அந்தக் கடைசிப் பயணத்துக்கென்று வைத்த பெயர் ‘டெர்ரா’. லத்தீனில் நிலம்.

அக்கா எனக்கும் பிஆர் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறாள். பாயிண்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கும். சம்பளம், குழந்தையின் படிப்பு என்று காரணங்களும் சரியாகவே இருக்கின்றன. அம்மா எதையும் மறுக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கணுமா என்றுகூடக் கேட்டாள். ஒரே ஒரு நாள் மட்டும், பூ கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“நீயும் போயிட்டா, எனக்கு யாருடா போன் பிடிப்பா?”