டம்ளர்ல அடுக்கின தயிரும் எங்கூட்டுச் செவலையும்

தயிரு, பழம், வறுத்த தானியம். இந்த மூணையும் கண்ணாடி டம்ளர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சா அதுக்குப் பேரு பார்ஃபே. கோயமுத்தூர்ல ஒரு கடையில இதை ஒரு டம்ளர் 220 ரூபாய்க்கு விக்கறாங்கன்னு மகள் சொன்னதுல இருந்து எங்கூட்டுல இதே பேச்சுத்தானுங்க. அந்த டம்ளருக்குள்ள இருக்கறது பூராவும் தோட்டத்துலயும் கட்டுத்தரையிலயும் நாம தினமும் பாக்கற சாமான். அதனால இந்த வாரம் உரம், பூச்சி எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு இதைப் பத்தியே எழுதிடறேன்.

பார்ஃபேங்கறது பிரெஞ்சு வார்த்தை. 'குறை ஒண்ணும் இல்லாதது'ன்னு அர்த்தம். பிரான்ஸ்ல அந்தப் பேருல இருக்கறது க்ரீம், முட்டை, சர்க்கரைப் பாகு சேர்த்து உறைய வெச்ச இனிப்பு. டம்ளர்ல தயிரையும் பழத்தையும் அடுக்கறது அமெரிக்கா பக்கத்து வழக்கம். மேல தூவற கிரானோலாவும் அங்கிருந்து வந்ததுதான். 1863-ல ஜேம்ஸ் காலெப் ஜாக்சன்ங்கற டாக்டர், நியூயார்க் மாகாணத்துல டான்ஸ்வில்ங்கற ஊர்ல தன்னோட வைத்திய விடுதியில இருந்தவங்களுக்காக, தவிடு எடுக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைச்சு, திரும்பவும் சுட்டுக் குடுத்தாரு. அதுக்கு 'கிரானுலா'ன்னு பேரு. ராத்திரியே ஊற வெச்சாத்தான் கடிக்க முடியுமாம், அவ்வளவு கெட்டி. பின்னால ஜான் ஹார்வி கெல்லாக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு, பேருல ஒரு எழுத்தை மாத்தி 'கிரானோலா'ன்னு வெச்சுக்கிட்டாரு. ஓட்ஸ், தேன், கொட்டை எல்லாம் போட்ட இப்பத்த கிரானோலா 1960-கள்ல பரவினது.

நம்ம பக்கம் அவலும் வெல்லமும் தேங்காயும் பிசைஞ்சு தின்னவங்களுக்கு இதுல பெருசா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லீங்க.

எங்கூட்டுல இது நுழைஞ்சது பேத்தியால. ஏழு வயசு. பால் குடிக்க மாட்டா, சோத்துல தயிர் ஊத்தினா தட்டைத் தள்ளி விட்டுருவா. ஆனா டம்ளர்ல அடுக்கிக் குடுத்தா மட்டும் ஒரு சொட்டு விடாம வழிச்சுத் தின்னுருவாளாம். லீவுக்கு வந்த மூணாவது நாள், "அம்மாயி, நீ செஞ்சு குடு"ன்னு கேட்டுட்டா. எங்கூட்டுக்காரி ஃபோனைத் தொடல. மகளை எதிர்ல உக்கார வெச்சு, என்னென்ன போடுவாங்கன்னு கேட்டுக்கிட்டு நேரா அடுப்படிக்குப் போயிட்டா.

இனி செய்முறை.

தயிர்

ஒரு லிட்டர் பாலைப் பொங்கினதும் இறக்காம, சின்னத் தீயில கால் மணி நேரம் கிண்டிக்கிட்டே காய்ச்சணும். அப்படி நின்னு காய்ஞ்ச பால்லதான் தயிர் கெட்டியா விழும். விரல் வெச்சா சூடு பொறுக்கற பதத்துக்கு ஆறினதும் ஒரு ஸ்பூன் உறை மோர். இப்ப அடிக்கற வெயிலுக்கு அஞ்சு மணி நேரம் போதும், மார்கழியில எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகும். மண்சட்டியில ஊத்தினா சட்டியே தண்ணியைக் கொஞ்சம் இழுத்துக்கும்.

உறைஞ்ச தயிரைச் சுத்தமான பழைய வேட்டித் துணியில கொட்டி, முடிச்சுப் போட்டுத் தொங்க விடணும். மூணுல இருந்து நாலு மணி நேரம். வெளியில தொங்கினா புளிச்சுப் போகும், அதனால ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு வடிகட்டி மேல வெச்சு, அடியில கிண்ணம் வெச்சுட்டாப் போதும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாத் தயிர் நிக்கும், மீதி தெளிஞ்ச தண்ணியா இறங்கிரும். அந்தத் தண்ணியைக் கீழ ஊத்திராதீங்க. சப்பாத்தி மாவு பிசைய, ரசத்துல சேர்க்க நல்லா இருக்கும். எருமைப் பாலா இருந்தா ஒரு மணி நேரம் தொங்கினாலே கெட்டியாயிரும்.

வறுவல்

ஓட்ஸ் எங்கூட்டுல இல்ல. கெட்டி அவல்தான். ரெண்டு டம்ளர் அவலை இரும்புச் சட்டியில சின்னத் தீயில வறுக்கணும். விரல்ல எடுத்து நசுக்கினா 'படக்'குன்னு ஒடியணும், அதுதான் பதம். தோல் நீக்கின வறுத்த கடலை அரை டம்ளர், கொப்பரைச் சீவல் ஒரு கை, எள்ளு ரெண்டு ஸ்பூன். பரங்கிக்காய் அறுத்தப்ப காய வெச்ச விதை இருந்தா அதையும் உரிச்சுப் போடலாம்.

வேற சட்டியில கால் டம்ளர் நாட்டுச் சர்க்கரை, ரெண்டு ஸ்பூன் தண்ணி, ரெண்டு ஸ்பூன் தேங்காண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். பாகைத் தண்ணியில விட்டா உருட்ட வரணும். அப்ப வறுத்ததையெல்லாம் கொட்டி, மறுபடியும் சின்னத் தீயில நாலஞ்சு நிமிஷம் கிளறணும். ஈரம் போய்த் தனித்தனியா உதிரும். அகலத் தட்டுல பரப்பி நல்லா ஆற விடுங்க. சூட்டுல மெதுவா இருக்கறது ஆறினாத்தான் மொறுமொறுன்னு ஆகும். சூட்டோட டப்பாவுல போட்டு மூடினா வேர்த்து நமுத்துரும்.

பழம்

இப்ப மாங்காய்க் காலம். கிணத்தோரம் ரெண்டு செந்தூர மரம் நிக்குது. கோடைக் காத்துக்கு உதிர்ந்த காயை யாவாரி தொட மாட்டார். அதையெல்லாம் வைக்கோல்ல போட்டுப் பழுக்க வெச்சிருந்தோம். அடிபட்ட பக்கத்தை அறுத்து எறிஞ்சா மீதி தேன் மாதிரி இருக்கு. வரப்புல கதலி ஒரு தார். மாதுளை முத்து ஒரு கை.

மாம்பழத்தைக் கொஞ்சம் கெட்டியா இருக்கறப்பவே துண்டு போடணும், கனிஞ்சு போனா தண்ணி விட்டுத் தயிரை இளக்கிரும். வாழைப்பழத்தைக் கடைசி நிமிஷத்துலதான் அறுக்கணும், இல்லாட்டிக் கறுத்துரும். அன்னாசியைப் பச்சையாத் தயிர்ல போடாதீங்க. பால்ல இருக்கற புரதத்தை உடைக்கற சத்து அதுல இருக்கு, கொஞ்ச நேரத்துல தயிர் கசக்கும். போட்டே ஆகணும்னா சர்க்கரை சேர்த்து அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, ஆற வெச்சுப் போடுங்க. சூடு பட்டா அந்தச் சத்து செத்துரும். பப்பாளியும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். நல்லாப் பழுத்ததா எடுத்து, போட்ட உடனே தின்னுரணும்.

அடுக்கறது

அடியில மூணு ஸ்பூன் தயிர். தயிர்ல கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை அடிச்சுக்கலாம், எங்க பழத்துக்கு அது தேவைப்படல. அதுக்கு மேல பழம், திரும்பத் தயிர், திரும்பப் பழம். வறுவல் உச்சியில மட்டும், அதுவும் கையில குடுக்கறப்பத்தான் போடணும். நடுவுல போட்டா ஒரே நேரத்துல கூழாயிரும். தயிரையும் பழத்தையும் ராத்திரியே அடுக்கி ஃபிரிட்ஜுல வெச்சுக்கலாம், வாழைப்பழம் மட்டும் வேண்டாம். வறுவலை டப்பாவுல தனியா வெச்சுக்கங்க.

என் அம்மாவுக்கு இது துளியும் புடிக்கல. "தயிரும் பழமும் சேரக் கூடாது சாமி, சளி புடிச்சுக்கும்"னு மூணு நாளாச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கல்யாண வீட்டுத் தயிர்ச் சாதத்துல மாதுளையும் திராட்சையும் போட்டுத் தின்னது யாருன்னு கேட்டா எங்கூட்டுக்காரி. அதுக்கு அம்மாகிட்டப் பதில் இல்ல. நாலாவது நாள் அம்மாவே, "வறுத்தது வேண்டாம், பல்லு இல்ல. மத்ததைக் குடு"ன்னு டம்ளரை நீட்டுச்சு. ஒத்துக்காதவங்க, சளித் தொந்தரவு இருக்கறவங்க உங்க உடம்பைப் பாத்துச் சாப்புடுங்க.

கணக்கு

ஒரு லிட்டர் பால்ல நாலு டம்ளர் வருது. அவல், கடலை, சர்க்கரை, பழம் எல்லாத்தையும் கடை விலைக்கே போட்டாக்கூட டம்ளருக்கு 25 ரூபாய்க்கு மேல போகாது. ஒரு டம்ளருக்குக் கால் லிட்டர் பால். எங்களுக்குக் கைக்கு வர்றது லிட்டருக்கு 35 ரூபாய். அப்ப அந்த 220 ரூபாய் டம்ளர்ல மாடு வெச்சிருக்கறவனுக்கு 8 ரூபாய் 75 காசு. கடைக்காரரைக் குத்தம் சொல்லலீங்க. வாடகை, ஏசி, ஆள் கூலி எல்லாம் அவருக்கும் இருக்கு. ஆனா கணக்குன்னா கணக்குத்தானே.

நம்ம கணக்கையும் சொல்லிடறேன். ரெண்டு மாடு இருந்துச்சு, தை மாசம் ஒண்ணைக் குடுத்துட்டோம். இப்ப இருக்கறது செவலை மட்டும். நாளைக்கு ஏழு லிட்டர். வீட்டுக்கு ரெண்டு போக அஞ்சு லிட்டர் ஊத்தினா 175 ரூபாய். கலப்புத் தீவனம் நாலு கிலோ, 120 ரூபாய். மீதி 55. சோளத்தட்டு சொந்தக் காட்டுல வர்றதால தப்பிச்சுக்கிட்டு இருக்கோம். யாவாரி வந்து 40,000 ரூபாய்க்குக் கேட்டுட்டுப் போயிருக்கார்.

மகள் வந்ததே பாதி அதைப் பேசத்தான். "அப்பா, அம்மாவுக்கு முட்டி வலி. விடியக்காலம் அஞ்சு மணிக்குக் குத்த வெச்சுக் கறந்துட்டு, எந்திரிக்கறதுக்குச் செவுத்தைப் புடிக்குது. 55 ரூபாய்க்கு இது வேணுமா? குடுத்துருங்க"ன்னா. அவ சொல்றதுல நியாயம் இருக்குங்க. முட்டிக்கு வைத்தியம் பாத்த செலவை வெச்சுப் பாத்தா இந்த மாடு நமக்கு நட்டம்தான்.

எங்கூட்டுக்காரி அதுக்கு உடனே பதில் சொல்லல. பேத்தி தின்னு முடிச்ச டம்ளரைக் கழுவிக்கிட்டே, "பாக்கெட் தயிர் எங்க வேணும்னாலும் கெடைக்கும் கண்ணு. அதைத் திங்கறதுக்கு இவ இந்த ஊருக்கு எதுக்கு வரோணும்?"னு மட்டும் கேட்டா. மகள் ஒண்ணும் பேசல. பேத்தி மாம்பழத் தோலைப் பொறுக்கி எடுத்துக்கிட்டுக் கட்டுத்தரைக்கு ஓடிட்டா.

நாலு நாள் யோசிச்சு ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கோம். செவலை இப்ப நாலு மாசச் சினை. ஐப்பசியில ஈனும். அது வரைக்கும் குடுக்கறதில்ல. காலைக் கறவை என்னோடது, சாயந்திரம் மட்டும் அவ, அதுவும் முக்காலி போட்டு உக்காந்துதான் கறக்கணும்னு மகள் கண்டிஷன். மூணு கால் வெச்ச மரமுக்காலி ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு. கண்ணு கெடேரியா இருந்தா வெச்சுக்கறது. காளையா இருந்தா அப்பத் திரும்ப உக்காந்து பேசிக்கலாம்னு விட்டுருக்கோம். முட்டி அது வரைக்கும் எப்படி இருக்குன்னும் பாக்கணும்.

வீட்டுல தயிர் தொடாத குழந்தைங்க இருந்தா ஒரு தடவை இப்படிச் செஞ்சு பாருங்க. அடுக்கற வேலையை அவங்க கையிலயே குடுத்துருங்க. பெரிய டம்ளர் வேண்டாம், டீ டம்ளர் போதும், மிச்சம் வெக்க மாட்டாங்க. வறுவலைக் காத்துப் போகாத டப்பாவுல வெச்சா பத்து நாள் தாங்கும். ஈர ஸ்பூன் மட்டும் போட வேண்டாமுங்க.