அழுத்தம் என்னுடையது

வங்கியில் என் வேலைகளில் ஒன்று கையொப்பம் பார்ப்பது. காசோலையில் இருப்பதையும் திரையில் தெரியும் மாதிரியையும் ஒப்பிட வேண்டும். சில வருஷங்களில் ஒன்று புரிந்தது. அச்சு அசலாகப் பொருந்தும் கையொப்பத்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். தன் பெயரை எழுதுகிறவன் ஓட்டத்தில் எழுதுகிறான்; தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறுகிறது. அடுத்தவன் பெயரைப் போடுகிறவன் வரைகிறான். சாய்வு இரண்டிலும் இருக்கும். ஒன்று வேகத்தில் வந்தது, மற்றது கொண்டுவந்து வைத்தது.

இத்தாலிக் எழுத்தின் சூட்சுமமும் இதுதான் என்று எனக்குத் தெரியவந்தது, நடைபாதையில் வாங்கிய ஓர் அச்சுக்கலைப் புத்தகத்தால். அதில் அரிகி என்ற டைப்பில் ஒரு பக்கம் இருந்தது. சாய்வு சொற்பம். எழுத்துகள் ஒடுங்கியவை. ரோமன் எழுத்தின் காலடியில் இருக்கும் தட்டையான சிறு கோடு இங்கே இல்லை. பேனா தாளைத் தொட்ட இடத்திலும் விட்ட இடத்திலும் ஒரு சின்ன இழுப்பு மட்டும். ரோமனில் இரண்டு அடுக்காக நிற்கும் முதல் எழுத்து இதில் ஒரே வளைவாகிவிடுகிறது. சாய்த்து வைத்த ரோமன் அல்ல இது. வேறு உடம்பு.

அந்த உடம்பு கையெழுத்திலிருந்து வந்தது. வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501-இல் வர்ஜிலை ஒரு கையடக்கப் பதிப்பாக அச்சிட்டார். நூல் முழுவதும் இத்தாலிக். டைப்பை வெட்டியவர் ஃப்ரான்செஸ்கோ கிரிஃபோ. எந்தச் சொல்லையும் தனித்துக் காட்டுவதற்காக அல்ல, கவிதை முழுவதையும் சுமப்பதற்காகவே அந்த எழுத்து பிறந்தது. ரோமில் லுடோவிகோ அரிகி என்பவர் போப்பின் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதியவர். ஒரு குமாஸ்தா என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அலுவலகக் கையெழுத்தை எழுதக் கற்றுத்தரும் சிறு நூலொன்றை 1522-இல் தயாரித்தார். 1524-இல் அதே கையெழுத்தை டைப்பாக்கி நூல்கள் அச்சிடத் தொடங்கினார். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டதோடு அவர் பெயர் மறைகிறது.

பிறகு இத்தாலிக் இறங்கியது. பதினாறாம் நூற்றாண்டு போகப்போக ரோமனுக்குத் துணையாயிற்று. முன்னுரைக்கு, மேற்கோளுக்கு, அந்நியச் சொல்லுக்கு, கடைசியில் அழுத்தத்துக்கு. இதே கதை இருபதாம் நூற்றாண்டில் சுருக்கமாக ஒருமுறை திரும்ப நடந்தது. அமெரிக்கரான ஃப்ரெடெரிக் வார்ட், அரிகியின் எழுத்தை வைத்து ஒரு டைப் உருவாக்கினார். 1925-இல் ராபர்ட் பிரிட்ஜஸின் கவிதைகள் அதில் அச்சாயின. அப்போது அது தனித்து நின்றது. 1929-இல் மோனோடைப் நிறுவனம் ப்ரூஸ் ராஜர்ஸின் சென்டார் என்ற ரோமனை வெளியிட்டபோது, இத்தாலிக் வரையும் திறமை தனக்கில்லை என்று ராஜர்ஸ் வார்டின் எழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று முதல் அது சென்டாரின் இத்தாலிக். நாலு வருஷத்தில் துணையாகிவிட்டது.

இதையெல்லாம் நான் படித்தது காலம் கடந்து.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். என்னைவிட மூத்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புகழ்ந்துதான் எழுதினேன். ஏழு வரிகளை மேற்கோள் காட்டி, அதில் ஒரு சொல்லை மட்டும் கணினியில் சாய்த்தேன். அடைப்புக்குறிக்குள் 'அழுத்தம் என்னுடையது' என்று போட்டேன். ஆங்கிலம் படித்தவனின் பழக்கம், ஒருவகையில் பெருமையும்தான்.

இதழ் வந்த வாரம் அவர் போன் செய்தார். "அந்தச் சொல்ல யாரும் உடனே கவனிச்சிடக் கூடாதுன்னுதான் அங்க வச்சேன். நீங்க அதப் புடிச்சுச் சாய்ச்சுட்டீங்களே" என்றார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அச்சில் பார்த்தேன். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வுக்கென்று தனியாக வரைந்த எழுத்து கிடையாது. கணினி நேரெழுத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டுகிறது. கொம்பும் சுழியும் வந்த வழி தெரியாமல் ஒரு பக்கம் சரிந்து கிடந்தன. ஓட்டத்தில் வந்த சாய்வு அல்ல அது. நான் கொண்டுவந்து வைத்தது. கவுன்டரில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சாய்ந்த ரோமனே ரோமனுக்குப் பொருத்தமான துணை என்று ஸ்டான்லி மாரிசன் 1926-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. துணைதான் வேண்டும் என்றால் ஓட்டம் எதற்கு? விமர்சனத்திலும் நான் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். கவிதை தன் வேகத்தில் ஒரு சொல்லுக்கு வந்து சேர்வதைக் கூட நடந்து பார்க்கப் பொறுமையில்லை. சொல்லைச் சுட்டிவிட்டால் வாசித்தது போல் ஆகிவிடும்.

அவருடைய இரண்டாம் தொகுப்பு எனக்கு வரவில்லை. நண்பரிடம் இரவல் வாங்கினேன். ஒரு கவிதையை நோட்டில் கையால் எழுதிப் பார்த்தேன், அடிக்கோடு எதுவும் இல்லாமல். எட்டாவது வரிக்கு வரும்போது கை தானாகக் கொஞ்சம் மெதுவாயிற்று.

எந்தச் சொல் என்று இங்கே எழுதப்போவதில்லை.